ஆற்றில் வந்த சாமி படங்கள்

பண்டார் பாரு, கெடா
2.6.2025

தங்கை மருதம்மாளுக்கு, உன் அண்ணன் இருளப்பன் எழுதுவது.

நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று மாலை உன் வீட்டுப் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததை இக்கரையிலிருந்து பார்த்தேன். ஆகவே நலம் விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு எதற்குத் தபால் என்று கேட்பாய். மூன்று கோயில் ஆற்றுக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கியது யார்? அட்மின். அட்மின் யார்? குழுச் செயலாளர், என் கூடப் பிறந்தவள். ஒரே காலையில் குரல் பதிவு நிறைய அனுப்பினேனாம். ஆற்றுக் குப்பைக்கென்று வைத்த குழுவில் நான் ஆற்றுக் குப்பையைப் பற்றித்தான் பேசினேன். தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்புகிறவர்கள் எல்லாரும் உள்ளே சுகமாக இருக்கிறார்கள். நீக்கப்பட்டவன் போனில் பேசுவது மரியாதை அல்ல. நீயாக வந்து பேசும் வரை நமக்குள் எழுத்துதான்.

இப்போது விஷயம். கெடா கரையில் எங்கள் கோயில், எதிரே பேராக் கரையில் உங்கள் கோயில், கீழே பினாங்குக் கரையில் நிபோங் திபால் கோயில், மூன்று மாநிலத்துக் கோயிலும் சேர்ந்து கிரியான் ஆற்றின் குறுக்கே மிதவை வேலி கட்டினோமே, நீலப் பீப்பாயும் வலையும் கோத்து, அதில் சேர்வதைச் சம்பான் படகில் போய் அள்ளுகிறவன் நான். கடலுக்குக் குப்பை போகக்கூடாது என்பதுதான் நோக்கம். போத்தல் வரும், மீ நூடுல்ஸ் பொட்டலம் வரும், ஒற்றைச் செருப்பு வரும். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சென்ற வாரத்திலிருந்து சாமி வருகிறது.

கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்த படங்கள். ஒரு லட்சுமி, ஒரு பிள்ளையார், மயில் மேல் முருகன். பழைய படத்தைக் குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல் ஆற்றில் விடுகிறார்கள். ஆற்றில் விட்டால் அது புண்ணியம், நான் எடுத்தால் அது குப்பையா? தொட்டியில் போட எனக்கும் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உன் அண்ணி நவமணி என்னைப் பார்த்தாள். பிறகு துடைத்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

இவை உங்கள் கரையிலிருந்து வருகின்றன. நிரூபிக்கிறேன். படங்கள் வேலியின் கீழ்ப்பக்கத்தில் மாட்டுகின்றன. அதாவது கடல் நீர் ஏறும்போது கீழிருந்து மேலே வருகின்றன. எங்கள் கரையில் வேலிக்குக் கீழே இருப்பது என் வீட்டுப் படித்துறை ஒன்றுதான். உங்கள் கரையில் அத்தனை வீடுகளும் இருக்கின்றன. வேறு விளக்கம் தேவையில்லை.

உங்கள் கோயிலில் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும். உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை அய்யாவுவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நீக்கப்பட்ட உறுப்பினர்,
இருளப்பன்


பாரிட் புந்தார், பேராக்
11.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மருது எழுதியது.

உங்கள் கடிதம் ஆற்றைத் தாண்ட ஒரு வாரம் எடுத்தது. தபால்காரர் அனுப்பியவர் முகவரியைப் பார்த்துவிட்டு, பாலத்தில் நடந்து வந்தாலே முன்னால் வந்திருக்குமே என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புதான், பிறகு அழுகை வந்தது. சின்ன வயதில் எஸ்டேட்டில் ஒரே லயத்தில் பக்கத்தில் இருந்தபோதுகூட நீங்கள் கோபம் வந்தால் என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். சுவருக்கு முத்திரை ஒட்ட வேண்டியதில்லை.

குழுவிலிருந்து நீக்கியது தப்பென்று நீங்கள் நினைத்தால் இன்றைக்கே திரும்பச் சேர்க்கிறேன். ஆனால் அண்ணே, பினாங்கு அருளம்பலம் ஐயா பெரியவர், உங்கள் குரல் பதிவைக் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய போன் சூடாகி அணைந்துவிட்டதாம்.

சாமி படம் எங்கள் கரையிலிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சாமிக்கு ஐசி அட்டை உண்டா, பேராக் பிறப்பு என்று பார்க்க? எங்கள் கோயிலில் அரச மரத்தடியில்தான் பழைய படங்களை வைக்கிறார்கள். அங்கே இடம் போதாமல் சாய்ந்து கிடக்கிறது, அது வேறு விஷயம். ஆனாலும் அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்காக.

நல்ல செய்தி ஒன்று. என் பெண் காஞ்சனாவுக்குக் கல்யாண நாள் பார்த்துவிட்டோம். ஆவணியில், ஆகஸ்டு 31, ஞாயிறு. இங்கே எங்கள் கோயில் மண்டபத்தில்தான். மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியது நீங்கள். அவளுக்கு வேறு மாமா இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க நானும் அவரும் வருகிறோம். வந்தால் கதவைத் திறப்பீர்களா, அதையும் எழுதுங்கள்.

அண்ணியின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மருது


பண்டார் பாரு
24.6.2025

தங்கை மருதம்மாளுக்கு,

கதவைத் திறந்தேன். வெற்றிலை பாக்கை வாங்கினேன். நவமணி காப்பி கொடுத்தாள். நான் பேசவில்லை, ஏனென்றால் எழுத்துதான் என்று சொல்லிவிட்டேன். நீயும் உட்காரவில்லை. உட்கார இடம் இல்லாதது என் குற்றம் அல்ல. நாற்காலிகளில் இருந்தவர்கள் உங்கள் கரைத் தெய்வங்கள்.

சேலை எடுக்கப் பினாங்கு போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை பாலாய் ராயா பொது மண்டபத்தில் நடந்த மூன்று மாநிலக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எல்லை எது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. ஆற்றின் நடுக்கோடு வரை கெடா, அதற்கு அப்பால் பேராக். சரி, நடுவில் மிதக்கும் போத்தல் யாருடையது? எங்கள் பொருளாளர், அது எந்தப் பக்கம் சாய்ந்து மிதக்கிறதோ அவர்களுடையது என்றார். அருளம்பலம் எழுந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மெதுவாகத்தான் பேசுவார். "நீங்க ரெண்டு பேரும் மேல இருந்து சண்டை பிடிக்கிறீங்க. பிடிச்சு முடிய எல்லாம் எங்களிட்டத்தான் வருது. நாங்கள் விட்டது கடலுக்குப் போகுது. எங்கட மீன்காரரின்ர வலையில தாய்லாந்து எழுத்துப் போட்ட செருப்பும் இந்தோனேசியா மேடான் பிஸ்கட் பையும் வருது. அங்க இருக்கிறவன்ர வலையில உங்கட மீ பொட்டலம் போகும். ஆர் ஆரைக் கேட்கிறது?" என்றார்.

நல்ல கேள்வி. இந்தோனேசியாவையும் தாய்லாந்தையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்க வேண்டும்? கடலுக்கு நடுக்கோடு போட்டு வைத்திருக்கிறார்களா? முதலில் அவர்களை வாட்ஸ்அப்பில் சேர்ப்போம் என்று ஒரு பையன் சொன்னான். அப்படியானால் அட்மின் கவனமாக இருக்கட்டும், இரண்டு நாடுகளையும் நீக்கிவிடுவாள் என்றேன். அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிறகு சாமி படத்துக்கு வந்தோம். அருளம்பலம், மூன்று கோயிலிலும் பழைய படம் வாங்கிக்கொள்ள ஆளுக்கொரு கொட்டகை போட்டால் ஆற்றில் விட மாட்டார்கள் என்றார். கொட்டகை பிறகு, குற்றவாளி முதலில் என்றேன். ‘பேராக் கரையே பொறுப்பு’ என்று தீர்மானம் கொண்டு வந்தேன். உன் சார்பில் வந்த மாப்பிள்ளை அய்யாவு தூங்கிக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்ன சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து அவரும் தூக்கினார். ஆகவே தீர்மானம் உங்கள் கரையின் ஆதரவோடு நிறைவேறியது.

இப்போது என் முடிவு. உங்கள் கரை பொறுப்பை ஏற்றுப் படம் வருவது நிற்கும் வரை நான் பாலத்தைத் தாண்டிப் பேராக் மண்ணில் கால் வைக்க மாட்டேன். இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

இருளப்பன்


பாரிட் புந்தார்
5.7.2025

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை இரண்டு நாளாகத் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுகிறார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் தூங்குவது அவர் பழக்கம், கல்யாணப் பேச்சிலேயே தூங்கியவர்.

பேராக் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்றால் காஞ்சனாவின் கல்யாணம் எந்த மண்ணில் நடக்கிறது என்று உங்களுக்கு நினைவு இருக்கிறதா? அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. "மாமா வரலன்னா மாலைய நானே போட்டுக்கிட்டு நடந்து வரேன்மா, வேற யாரையும் கூப்புடாத" என்றாள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை நிற்க வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெண் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் பிடிவாதம் இரத்தத்தில் வந்திருக்கிறது.

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும். சாயங்காலம் நான் பின்பக்கம் பாத்திரம் கழுவும்போது அண்ணி படித்துறையில் இறங்குவதைப் பார்க்கிறேன். பெரிய மெங்குவாங் ஓலைக் கூடை. இறங்கும்போது கை இழுக்கிறது, ஏறும்போது கூடை வீசி ஆடுகிறது. அந்தப் படிகளில் பாசி இருக்கும், முட்டி வலி வேறு. என்ன கனம் அது? அண்ணியைக் கேட்டீர்களா?

நீங்கள் கேட்க வேண்டாம். நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம். சும்மா எழுதினேன்.

மருது


பண்டார் பாரு
16.7.2025

தங்கைக்கு,

சும்மா எழுதியதற்கும் பதில் எழுதுவது என் வழக்கம். நவமணி சாயங்காலம் ஆற்றுக்குப் பூசை செய்யப் போகிறாள். கேட்டேன், அவளே சொன்னாள். கூடையில் பூசைச் சாமான். ஆறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாளாம். உங்கள் கரையில் அப்படி ஒரு பெண்பிள்ளை உண்டா? வேடிக்கை பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறீர்கள்.

இங்கே நிலைமை மோசம். இந்த வாரமும் வந்திருக்கிறது. லட்சுமி, பிள்ளையார், முருகன். இந்த முருகனுக்கும் மயில் தோகை மேல் கண்ணாடி கீறி இருக்கிறது. முன்னால் வந்த முருகனுக்கும் அதே இடத்தில் கீறல். அதற்கு முந்தியவருக்கும் அப்படியே. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உங்கள் கரையில் ஏதோ ஒரு கடைக்காரன் கீறல் விழுந்த படங்களாக வாங்கி மலிவு விலையில் விற்கிறான். விசாரிக்கவும்.

நல்லவேளை, வீட்டில் இடம் பிரச்சினை தீர்ந்தது. நவமணி படங்களைப் புதுவீடு போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாள். குருண் ஊரில் ஒரு குடும்பம், யான் ஊரில் அவள் சித்தி மகள் வீடு, இப்படி நல்ல இடமாகப் பார்த்துச் சேர்க்கிறாள். நான் அள்ள அள்ள அவள் கொடுத்து முடிக்கிறாள். இவளுக்கு இத்தனை பேரைத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

குற்றத்தை மறுக்க முடியாதபடி ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். இனி எடுக்கிற ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அழியாத மையில் என் கையெழுத்தும் தேதியும் போடப் போகிறேன். மொத்தத்தையும் அடுத்த கூட்டத்தில் எண்ணிக் காட்டுவேன். அருளம்பலத்துக்கும் எழுதிவிட்டேன். நல்ல யோசனை, ஆனால் கொஞ்சம் பொறுங்கோ என்று பதில் போட்டிருக்கிறார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

காஞ்சனாவிடம் சொல். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கோபம் ஒரு கரையின் மேல்.

இருளப்பன்


பாரிட் புந்தார்
25.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்துப் போடுவதை உடனே நிறுத்துங்கள். தேவை இல்லை. இதைப் போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதுதான் சரி. எங்கள் கரைதான். நான் விசாரித்துவிட்டேன், ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் கேட்காதீர்கள். வயதானவர், வீட்டில் இடம் இல்லை, தினமும் அத்தனை சாமிக்கும் விளக்குப் போட முடியவில்லை. தொட்டியில் போடப் பயம், யாரிடமும் கேட்க வெட்கம். தப்பென்று தெரிந்துதான் செய்திருக்கிறார். இனி செய்ய மாட்டார். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து எங்கள் கரை பொறுப்பு என்று சொல்லுகிறேன். மூன்று மாநிலத்துக்கும் முன்னால் சொல்லுகிறேன். போதுமா?

அருளம்பலம் ஐயாவோடும் பேசினேன். கொட்டகை வேலையைத் தொடங்கலாம் என்கிறார். மூன்று கோயிலிலும் ஒவ்வொன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு குருக்கள் பூசை செய்து படத்திடம் விடைபெற்றுக்கொள்வார். பிறகு கண்ணாடி தனி, சட்டம் தனி, காகிதம் ஹோமத்தில். முதல் மாதம் நிபோங் திபாலில் எல்லாரும் கூடுவது, அடுத்தது இங்கே, அதற்கடுத்தது உங்கள் கோயிலில். மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். எங்கள் குருக்கள் சரி என்றுவிட்டார். ஐயா கேட்டது ஒன்றுதான்: "உங்கட அண்ணன் விடுவாரோ?" விடுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி படம் வராது. நீங்கள் சொன்ன இரண்டும் ஆகிவிட்டது. பாலத்தைத் தாண்டி வாருங்கள் அண்ணே. மாலை கட்டச் சொல்லி ஆள் வைத்துவிட்டேன்.

அண்ணியிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அவருக்கு உடம்பு முடியாமல் இருக்கும்.

மருது


பண்டார் பாரு
2.8.2025

தங்கை மருதுவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. தாமதமாகக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலையே வேலியில் ஒரு லட்சுமியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ‘இருளப்பன், 18.7’ என்று இருந்தது. அழியாத மை நல்ல மைதான், கொஞ்சமும் கலையவில்லை. பிறகு பிள்ளையார் வந்தார். அவரும் என் கையெழுத்தோடுதான் வந்தார்.

சம்பானில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுப் பின்பக்கம் தெரிந்தது. நீ வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாய். அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் உன் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது.

நீ செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாய். இதை ஏற்க முடியாது. இது முறை அல்ல. செயலாளர் பொய் சொன்னால் குழு என்னாவது? ஆகவே உன் ஒப்புதலை நான் தள்ளுபடி செய்கிறேன். கூட்டத்தில் நீ எழுந்து பேச வேண்டாம். தீர்மானத்தில் ஒரு சிறு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். ‘பேராக் கரையே பொறுப்பு’ என்பதில் ‘பேராக்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டியது. மற்றபடி தீர்மானம் சரியானதே. அருளம்பலத்துக்கும் எழுதிவிட்டேன், கெடா கோயில் கொட்டகைக்கு இடம் நானே பார்க்கிறேன் என்று. அவர் எதற்குப் பொறுக்கச் சொன்னார் என்பதும் இப்போது தெரிகிறது. அவருக்கும் சொன்னது நீதான். மூன்று மாநிலத்துக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. நீக்கப்பட்ட உறுப்பினருக்கு இதுதான் நிலை.

ஆரம்பத்தில் வந்த படங்களை யார் விட்டார்கள் என்பது இன்னும் தெரியாது. அந்தக் கேள்வியை நான் கைவிடவில்லை.

நவமணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு முகம் வாடிவிடும். நான் கேட்க மாட்டேன், நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இன்று சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூசையா என்றேன். ஆமாம் என்றாள். கனமாக இருக்கிறதே, கொடு என்றேன். கொடுக்க மாட்டேன் என்று பிடித்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். உள்ளே பார்க்கவில்லை. காரின் பின்பக்கம் வைத்துவிட்டு, ஏறு, இன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூசை செய்யலாம், மருது வீட்டில் இடம் இருக்கிறது என்றேன். காரின் பின்பக்கம் போய்க் கூடையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

இதைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தி எழுதுகிறேன். தபாலில் போடப்போவதில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், குழு விஷயம் என்றேன். இந்தப் பாலத்தைத் தாண்ட மாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. சொன்னபோது இருந்த தீர்மானம் இப்போது இல்லை. ஆகவே நான் மாறவில்லை, தீர்மானம்தான் மாறியிருக்கிறது. இதை மாப்பிள்ளையிடமும் விளக்கிச் சொல்லவும். விழித்திருக்கும்போது.

காஞ்சனா வீட்டில் இருந்தால் கொஞ்சம் வெளியே வரச் சொல். மாலை எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளவு பார்க்க வேண்டும், அவள் என்னைவிட உயரம்.

கதவைத் தட்டி, நீ திறந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். வாசலிலேயே நின்று படித்து முடி. நீக்கியது நீ, ஆகவே முதலில் பேச வேண்டியது நீ. நீ பேசும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். ரொம்ப நேரம் நிற்க வைக்காதே, அண்ணிக்கு முட்டி வலி.

உன் அண்ணன்,
இருளப்பன்